துறவியின் அறையை வரைந்த இளைஞர்



உரோமை, பதுவை, லூர்து என்று ஐரோப்பாவின் திருத்தலங்களுக்குத் திருப்பயணம் சென்று திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களது கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ஆவலோடு எடுத்துக் காட்டுவார்கள். "இந்தக் கோவிலுக்குள் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?" என்று கேட்டால் மட்டும் சற்றுத் தயங்குவார்கள். இதை அவர்களுடைய குறை என்று சொல்ல முடியாது. படம் எடுத்தாயிற்று, இனிப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம் நம் எல்லாருக்குமே வந்துவிடுகிறது.

நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, இத்தாலியின் பேராலயங்களையும் துறவு மடங்களையும் பார்க்க ஓர் இளைஞர் புறப்பட்டார். கையில் பென்சிலும் நீர்வண்ணப் பெட்டியும் இருந்தன. அவர் கத்தோலிக்கர் அல்லர். பக்தியோடு சென்றவரும் அல்லர். ஆனால் அவர் அன்று பார்த்து, பின்னர் வரைந்து வைத்த ஒரு துறவு மடத்தின் அறை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, தொமினிக்கன் துறவியர் நூறு பேருக்கான இல்லமாக எழுந்து நின்றது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் நாம் இங்குப் பார்க்கப் போகிறோம்.

அவருடைய பெயர் சார்ல் எதுவார் ழான்னெரே. 1920-க்குப் பிறகு தாம் சூட்டிக்கொண்ட லெ கொர்புசியே என்ற பெயரால் உலகம் முழுவதும் அறியப்பட்டார். நம் நாட்டில் சண்டிகர் நகரைத் திட்டமிட்டவர் என்றால் பலருக்கு நினைவு வரும். 1887-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தில் கைக்கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன லா ஷோ-தெ-ஃபோன் என்ற ஊரில், புராட்டஸ்தாந்து குடும்பத்தில் பிறந்தார். தந்தை கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசுபவர். தாய் பியானோ கற்பித்தவர். மகனும் கடிகார உறைகளில் சித்திரம் செதுக்கும் தொழிலைத்தான் முதலில் படித்தார். லெப்லாத்தனியே என்ற ஆசிரியர் அவரைக் கட்டடக் கலைப் பக்கம் திருப்பிவிட்டார்.

சொந்த ஊரில் ஒரு வீட்டைக் கட்டும் பணியில் கிடைத்த ஊதியத்தைக் கொண்டு, 1907 செப்டம்பரில், லியோன் பெர்ரன் என்ற சிற்ப நண்பரோடு இத்தாலிக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறைவடையவில்லை. பீசா, ஃபிளாரன்ஸ், சியன்னா, இரவென்னா என்று ஊர் ஊராகச் சென்றார்கள். ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கினை அவருடைய ஆசிரியர் படிக்கச் சொல்லியிருந்தார். கல்லில் செதுக்கிய ஓர் இலையைக்கூட விடாமல் உற்றுப் பார்க்க வேண்டும் என்பது ரஸ்கினின் பள்ளி. இளைஞர் அப்படியே செய்தார். பீசா பேராலயத்தின் சுவர்களில் பளிங்கு எப்படி மாறி மாறி வரிசையாக அமைந்திருக்கிறது, சியன்னா பேராலயத்தில் நிறங்கள் எப்படிக் கூடுகின்றன, ஃபிளாரன்சின் பழைய அரண்மனை மாலை வெயிலில் எப்படித் தெரிகிறது என்றெல்லாம் நீர்வண்ணத்தில் தீட்டினார். அழகான படங்கள்தான். ஆனால், நேர்மையாகச் சொன்னால், அந்தக் காலத்தில் நன்றாகப் படித்த மாணவர் யாரும் தீட்டியிருக்கக்கூடிய படங்கள்.

அந்தப் பயணத்தில் அவருடைய வாழ்வையே பிடித்துக்கொண்ட இடம் வேறு. ஃபிளாரன்சுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், எமா என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கை ஒட்டிய குன்றின்மேல், கல்லுட்சோ என்ற இடத்தில் கர்த்தூசியன் துறவு மடம் ஒன்று நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது. கொள்ளைநோய்க்கு அஞ்சி ஃபிளாரன்சை விட்டு ஓடிவந்த ஓவியர் பொன்தோர்மோ, 1523 முதல் அங்கே தங்கி, ஆண்டவரின் பாடுகளைச் சுவர்களில் தீட்டினார். வழக்கமான பயணிகள் அந்த ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நம் இளைஞரை நிறுத்தியது துறவியரின் அறைகள்.

கர்த்தூசியன் துறவியரைப் பற்றி இங்கே சற்று விளக்க வேண்டும். புனித புரூனோ 1084-இல் தொடங்கிய சபை அது. திருச்சபையில் மிகக் கடுமையான தனிமையைக் கடைப்பிடிப்பவர்கள் அவர்கள். 'அறை' என்று நாம் சொன்னாலும் அது உண்மையில் ஒரு சிறு வீடு. செபிக்க, படிக்க, உறங்க, கைவேலை செய்ய அதற்குள்ளேயே தனித்தனி இடங்கள் உண்டு. மதில் சூழ்ந்த ஒரு சிறு தோட்டமும் உண்டு. கதவுக்கு அருகே சுவரில் ஒரு சிறு திறப்பு. உணவு அதன் வழியாக வைக்கப்படும். கொண்டு வருபவரின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இத்தகைய வீடுகள் வரிசையாக நின்று, நடுவிலுள்ள பெரிய முற்றத்தைச் சுற்றிய நடைபாதையால் இணைக்கப்பட்டிருக்கும். அந்த நடைபாதை எல்லாரையும் ஆலயத்துக்குக் கொண்டுசேர்க்கும். நள்ளிரவில் எழுந்து அவர்கள் ஒன்றாகச் செபிப்பது அங்கேதான். ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் ஒரே உணவறையில் அமர்ந்து உண்பார்கள்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது நாமும் இதையெல்லாம் படித்திருக்கிறோம். சுவரில் உள்ள அந்தத் திறப்பை ஒரு கடுந்தவத்தின் அடையாளமாக மட்டுமே அன்று எழுதி வைத்தோம், தேர்விலும் அப்படியே எழுதினோம். ஒரு வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதில் பாடம் இருக்கிறது என்று நமக்குத் தோன்றவில்லை. ஒரு சுவிஸ் இளைஞருக்குத் தோன்றியது. துறவியரின் அந்தச் சிறு வீட்டில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிட ஆசையாக இருக்கிறது என்றும், உழைக்கும் மக்களுக்கான வீட்டுக்கு இதுவே விடை என்றும் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். ஒருவர் தனியாக இருக்கவும் வேண்டும், மற்றவரோடு சேர்ந்து இருக்கவும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை இழக்காதபடி கல்லையும் சுண்ணாம்பையும் வைத்தே துறவியர் வழி செய்திருந்தார்கள். அவரைக் கவர்ந்தது இதுதான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1911-இல், அவர் மீண்டும் ஒரு பெரும் பயணம் போனார். இம்முறை உடன் சென்றவர் அகுஸ்த் கிளிப்ஸ்டைன் என்ற கலை வரலாற்று மாணவர். பிராகு, வியன்னா, புடாபெஸ்ட் வழியாகத் தானூபு நதியோரமாக இறங்கி, பால்கன் நாடுகளைக் கடந்து, இஸ்தான்புல், ஆதோஸ் மலைத் துறவு மடங்கள், ஏதென்ஸ் என்று போய், இத்தாலி வழியாக வீடு திரும்பினார். ஆறு குறிப்பேடுகள் நிறைந்தன. ஏதென்சில் வாரக்கணக்கில் தங்கி, குன்றின்மேல் நிற்கும் பார்த்தெனோன் கோவிலைக் காலையிலும் மாலையிலும் மாறி மாறி வரைந்தார்.

இந்தக் குறிப்பேடுகளை 1907-இன் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பாடம். பீசாவையே எடுத்துக்கொள்வோம். முதல் முறை அவர் கண்ணில் பட்டவை பளிங்கின் நிறமும் சிற்ப வேலைப்பாடும். இரண்டாம் முறை அதே பேராலயத்தையும் திருமுழுக்கு ஆலயத்தையும் சாய்ந்த கோபுரத்தையும் சில விரைவான கோடுகளில் வரைந்தார். ஒன்று நீண்ட பெட்டி, ஒன்று வட்டம், ஒன்று உருளை. புல்வெளியில் அவை ஒன்றையொன்று எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன என்பது மட்டும் தெரிகிறது. இதை யாரிடம் காட்டினாலும் முதல் படம்தான் அழகு என்பார்கள். கட்டடத்தைப் புரிந்துகொண்டவர் வரைந்தது இரண்டாவது படம். ஓரங்களில் அளவுகள், அம்புக்குறிகள், நிறங்களின் பெயர்கள் என்று எழுதித் தள்ளியிருப்பார். பிறருக்குக் காட்ட வேண்டும் என்ற நினைப்பே அவற்றில் இல்லை.

அந்த 1911 பயணத்தில் அவர் கேமராவும் வைத்திருந்தார். நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். ஆனால் பிற்காலத்தில், பார்க்கும் வேலையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால் கண் சோம்பிவிடுகிறது, கையால் வரைந்தது மட்டுமே உள்ளே தங்குகிறது என்ற கருத்தைப் பலமுறை சொன்னார். 1914 முதல் 1964 வரை அவர் எழுதி வரைந்த 73 குறிப்பேடுகள் பின்னர் அச்சில் வெளிவந்தன. வேறு வேலை ஏதும் செய்யாத மனிதரல்ல அவர். உலகின் பல நாடுகளில் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்தவர்தான் வரைவதையும் விடாமல் இருந்தார்.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஊர் திரும்பும் வழியில், எமா மடத்துக்கு மறுபடியும் போனார். இம்முறை ஒரு துறவியின் வீட்டைக் கிடைப்படமாக வரைந்தார். கதவு எங்கே, தோட்டம் எங்கே, வெளியே உள்ள குன்றுகள் எந்தத் திறப்பு வழியாகத் தெரிகின்றன என்று குறித்துக்கொண்டார்.

வேறொரு குறிப்பையும் இங்கே சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். உரோமைக்கு அருகில் திவோலியில் பேரரசர் ஹாட்ரியனின் மாளிகை இடிந்து கிடக்கிறது. அங்கே பாறைக்குள் குடைந்தாற்போன்ற ஒரு மண்டபத்தின் கடைசிச் சுவரில் மட்டும் வெளிச்சம் விழுவதை அவர் கவனித்தார். வெளிச்சம் வரும் வழி தெரியவில்லை. அருகே போய்ப் பார்த்தால், மேலே புகைபோக்கி போன்ற ஒரு குழாய்க் கோபுரம் வானத்தை நோக்கித் திறந்திருந்தது. அதையும் சில கோடுகளில் வரைந்து வைத்தார்.

இனி ஆண்டுகள் வேகமாக ஓடட்டும். 1922-இல் அவர் ஒரு அடுக்குமாடித் திட்டம் வெளியிட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டம் போன்ற ஒரு திறந்த பகுதி உண்டு, பொது வசதிகள் எல்லாருக்கும் ஒன்றாக உண்டு. துறவு மடத்தை மேலே மேலே அடுக்கியது போன்ற திட்டம். அது கட்டப்படவில்லை. 1952-இல் மர்சேய் நகரில் திறக்கப்பட்ட பெரிய குடியிருப்பில்தான் எமாவின் நினைவு உருப்பெற்றது. 337 வீடுகள். ஒவ்வொன்றும் வெயிலை நோக்கிய மாடமும் தனக்கென ஓர் அமைதியும் கொண்டது. கடைகளும் குழந்தைகளுக்கான பள்ளியும் கட்டடத்துக்குள்ளேயே இருந்தன. இதைப் பார்த்து உலகெங்கும் கட்டப்பட்ட அடுக்குமாடிகள் பலவற்றில் மாடமும் போயிற்று, அமைதியும் போயிற்று, கான்கிரீட் மட்டும் மிஞ்சியது என்பதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழியில் அவருக்கும் பங்குண்டு. மனிதரிலும் குறைகள் இருந்தன. போர்க்காலத்தில் நாசிகளோடு ஒத்துழைத்த விஷி அரசின் வாசலில் வேலைக்காகக் காத்துக் கிடந்தவர் அவர். புனிதர் வரலாறு எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம்.

இத்தகைய ஒருவரிடம் ஆலயம் கட்டும் பணியைத் திருச்சபை கொடுக்கலாமா? அந்நாளில் இது சூடான கேள்வி. பிரான்சில் அருள்பணி மரி-அலென் கூத்தூரியே என்ற தொமினிக்கன் துறவி இருந்தார். தாமே கண்ணாடி ஓவியக் கலைஞர். திறமை இல்லாத பக்திமான்களைவிட, விசுவாசம் இல்லாத மேதைகளிடம் ஆலயப் பணியை ஒப்படைப்பதே நல்லது என்று வெளிப்படையாக வாதாடினார். எதிர்ப்பு பலமாக இருந்தது. அஸ்ஸி என்ற ஊரின் புதிய ஆலயத்திலிருந்து நவீன சிற்பியின் பாடுபட்ட சுருபம் ஒன்று 1951-இல் அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டே உரோமையிலிருந்து, திருக்கலை குறித்த எச்சரிக்கையான அறிவுரை வெளிவந்தது. எந்தக் கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் திருவழிபாட்டு ஏட்டில் அறிவித்தது 1963-இல்தான். கூத்தூரியே அதைப் பார்க்க இருக்கவில்லை.

முதலில் வந்தது ரோன்ஷாம். கிழக்கு பிரான்சில் ஒரு குன்றின்மேல் அமைந்த மரியன்னையின் திருத்தலம் அது. அங்கிருந்த சிற்றாலயம் 1944-இல் போரில் அழிந்தது. 1950-இல் குன்றின்மேல் ஏறிய லெ கொர்புசியே, செய்த முதல் வேலை நான்கு திசைகளின் தொடுவானத்தையும் குறிப்பேட்டில் வரைந்ததுதான். இடிந்த கோவிலின் கற்களைப் புதிய சுவர்களுக்குள் வைத்துக் கட்டினார். 1955 ஜூனில் ஆலயம் திறக்கப்பட்டது. வெளியே திருவிழாக் கூட்டத்துக்கென ஒரு பலிபீடம் இருக்கிறது. கிழக்குச் சுவரின் சன்னலில் வைக்கப்பட்ட பழைய மரச் சுருபத்தில் மாதா, உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் திருப்பிவைக்கத் தக்கவாறு நிற்கிறார். பெருங்கூரை சுவர்மேல் நேராக உட்காரவில்லை. இடையே விரலளவு இடைவெளியில் ஒளிக்கோடு ஒன்று ஓடுகிறது.

இவற்றையெல்லாம் விட நம் கதைக்கு வேண்டியது அங்குள்ள மூன்று வெள்ளைக் கோபுரங்கள். மணிக்கூண்டு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். உள்ளே ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் ஒரு சிறு பீடம் உண்டு. மேலே எங்கோ நுழையும் வெளிச்சம் வளைந்த சுவரில் வழிந்து இறங்கி, பீடத்தின்மேல் மெதுவாக அமர்கிறது. ஒளி வரும் சன்னல் கண்ணுக்குத் தெரிவதில்லை. திவோலியின் இடிபாட்டில் 1911-இல் வரைந்த அதே குழாய்க் கோபுரம். நாற்பது ஆண்டுகளாக ஒரு குறிப்பேட்டில் தூங்கிக் கிடந்தது.

அடுத்து வந்தது லா தூரெத். லியோன் நகருக்கு அருகே எவு என்ற ஊரில், படிக்கும் இளம் தொமினிக்கன் துறவியருக்கு ஒரு மடம் வேண்டும் என்று 1953-இல் கூத்தூரியே அவரை அணுகினார். கேட்ட விதம் அருமையானது. நூல்களின் பட்டியல் எதையும் அனுப்பவில்லை. புரோவான்சு பகுதியில் 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் துறவியர் கட்டத் தொடங்கிய லெ தொரொனே மடத்தைப் போய்ப் பார்த்து வாருங்கள் என்றார். கூடவே ஒரு மடத்தில் ஆலயம், நடைபாதை, உணவறை, நூலகம், அறைகள் எப்படி அமைய வேண்டும் என்று கடிதத்திலேயே தம் கையால் வரைந்து அனுப்பினார். வரைபவரிடம் பேச ஒரு துறவியும் வரைந்தார். லெ கொர்புசியே அங்கே சென்று, வழக்கம்போலக் குறிப்பேட்டை எடுத்தார். அலங்காரமே இல்லாத கல் சுவரில் வெயிலும் நிழலும் செய்வதை வரைந்தார்.

1954 பிப்ரவரியில் கூத்தூரியே இறந்துபோனார். கட்டட வேலை 1956-இல் தொடங்கியது. 1960-இல் மடம் திறக்கப்பட்டது.

சரிவான புல்மேட்டில், தூண்கள்மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடம். முதல் பார்வையில் நம்மில் பலருக்குப் பிடிக்காது. முகம் இறுகியது. ஆலயம் ஒரு வெறும் பெட்டி, உள்ளே இருட்டு அதிகம், ஒளி கீற்றுகளாகவே வருகிறது. மேல் இரண்டு தளங்களில் துறவியரின் அறைகள். ஒவ்வொன்றும் 1.83 மீட்டர் அகலம், 5.92 மீட்டர் நீளம், 2.26 மீட்டர் உயரம். நடுவில் நின்று இரு கைகளையும் விரித்தால் ஏறக்குறைய இரு சுவர்களையும் தொட்டுவிடலாம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கழுவு தொட்டி. ஆனால் கடைசியில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு மாடம், எதிரே மரங்களும் பள்ளத்தாக்கும். வெளியே வந்து கதவைச் சாத்தினால் நடைபாதை எல்லாரையும் ஆலயத்துக்கும் உணவறைக்கும் கொண்டுபோகிறது. எமா குன்றில் இருபது வயதில் கண்ட வீட்டை எழுபது வயதை ஒட்டி அவர் துறவியரிடமே திருப்பிக் கொடுத்தார்.

துறவியர் இதை எப்படி ஏற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நூறு பேருக்காகக் கட்டிய மடத்துக்குச் சில ஆண்டுகளிலேயே இறையழைத்தல் குறைந்துபோனது. கல்வி நிலையம் அங்கே நீடிக்கவில்லை. இன்று சில துறவியர் மட்டுமே வாழ்கிறார்கள். வெறுமையான அறைகளில், தனிமையும் அமைதியும் தேடி வருபவர்கள் தங்குகிறார்கள். கட்டடக் கலை மாணவர்களும் குறிப்பேட்டோடு வந்து, நடைபாதையில் உட்கார்ந்து வரைகிறார்கள். ரோன்ஷாம், மர்சேய், லா தூரெத், சண்டிகரின் அரசுக் கட்டடங்கள் உள்ளிட்ட அவருடைய 17 படைப்புகள் 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. எமா மடத்திலும் இன்று கர்த்தூசியன் துறவியர் இல்லை. அவர்கள் சென்றுவிட்டார்கள். அறைகள் இருக்கின்றன. துறவியர் கட்டியதைப் பார்த்து ஓர் அந்நியர் கற்றதும், அவர் கற்றதை மீண்டும் துறவியர் பெற்றதும் நம் வரலாற்றின் ஒரு பகுதிதான். நாம்தான் அதை அதிகம் பேசுவதில்லை.

அவர் விசுவாசத்துக்கு வந்தாரா என்று பங்குமக்கள் கேட்கக்கூடும். வந்ததாகச் சொல்ல எதுவுமில்லை. நாமாக ஒரு மனமாற்றக் கதையை ஒட்டவைப்பது அவருக்கும் நியாயமல்ல, நமக்கும் அழகல்ல.

1965 ஜூலையில், அரை நூற்றாண்டுக்கு முன் தாம் எழுதிய அந்தக் கிழக்குப் பயணக் குறிப்புகளை எடுத்து அச்சுக்காகத் திருத்தி முடித்தார். ஆகஸ்ட் 27 அன்று, தெற்கு பிரான்சின் கடலில் நீந்தச் சென்றபோது இறந்தார். நூல் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. பாரிசில் நடந்த அரசு மரியாதையின்போது கங்கை நீரும் ஏதென்சின் குன்றிலிருந்து மண்ணும் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு முன், தெற்கிலிருந்து பாரிசுக்குக் கொண்டுபோகும் வழியில், அவருடைய உடல் லா தூரெத் மடத்தில் ஓர் இரவு வைக்கப்பட்டது.